சித்தன்னவாசல்: ஓவியத்தோடு திரும்பிவிடாதீர்கள்

புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர், பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் ஓவியத்தைப் பார்த்த கையோடு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். சமணத் துறவிகள் தங்கிய இடம் குன்றின் மேலே, ஏழடிப்பட்டம் என்ற குகையில் இருக்கிறது, அங்கே ஏறாமல் வந்தால் பாதி ஊரைக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். படிகள் நிறைய, நிழல் குறைவு, பாறை சூடேறிவிட்டால் நடக்கவே முடியாது. மேலே போனதும் பாறை விளிம்பை ஒட்டி ஒரு ஒடுக்கமான வழி, பக்கத்தில் கம்பி போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் கீழே பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துத்தான் அந்தக் காலத்தில் ஏறியிருக்கிறார்கள், பெயரும் அதனால் வந்ததுதான்.

அப்புறம் அந்தக் குகை. 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று உயர்த்தித் தலையணை மாதிரி விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் கி.மு. காலத்துத் தமிழ் பிராமி எழுத்து, மற்றவற்றில் பின்னாளில் வந்து தங்கிய துறவிகளின் பெயர்கள். இத்தனை நூற்றாண்டுக்கு அப்புறமும் அந்தக் கல்லின் வழுவழுப்பு போகவில்லை. வெளியே காற்று, கீழே வெகுதூரம் வரை வயல், வேறு சத்தமே இல்லை. அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், எழுந்து வர மனமே வரவில்லை. அந்தப் பாறையிலும் சிலர் பெயரைக் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தபோது கோபம்தான் வந்தது, தயவுசெய்து பிள்ளைகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவர் கோயில் சின்னக் குடைவரை. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் ஆட்கள். நிறைய உதிர்ந்துவிட்டது, அவசரமாகப் பார்த்தால் வெறும் கறைதான் தெரியும். கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள், தாமரைத் தண்டைத் தோளில் சாய்த்துப் பிடித்திருக்கும் ஆள் மெல்லத் தெளிவார்.

தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், மேலே எதுவும் கிடைக்காது. முட்டிவலி உள்ளவர்கள் அறிவர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் முதலில் மேலே ஏறுங்கள், ஓவியத்துக்கு அப்புறம் வாருங்கள்.