ட்ரோன் கூட்டில் விரிசல்: சூப்பர் க்ளூ, எபாக்சி, புதுக் கூடு – எது தாங்கும்?

என் ட்ரோன் மரக்கிளையில் மோதி விழுந்ததில் ஒரு ஆர்மின் (மோட்டாரைத் தாங்கும் கை) நடுப்பகுதி விரிசல் விட்டது. யோசித்துப் பார்த்து எபாக்சியில் (இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் பசை) ஒட்டினேன், இன்றும் அப்படியேதான் பறக்கிறது. அதனால் இந்த அலசல் எபாக்சி பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விரிசல் எங்கே என்று தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஆர்மை மெல்ல வளைத்தால் மறைந்திருக்கும் விரிசல் வாய் திறக்கும். வெளுத்துத் தெரியும் இடத்தில் பிளாஸ்டிக் இழுபட்டிருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ துளையைச் சுற்றிக் கதிர் கதிராக விரிசல் இருந்தால் விழுந்ததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஸ்க்ரூவை அதிகம் இறுக்கியிருக்கலாம், அல்லது அது கழன்றுவிடாமலிருக்கத் தடவிய த்ரெட்லாக்கர் பசை பிளாஸ்டிக்கை அரித்திருக்கலாம்.

சூப்பர் க்ளூ சட்டென்று பிடிக்கும், விலையும் குறைவு. கேமரா பக்கத்தில் மட்டும் வேண்டாம்: அதன் ஆவி படிந்தால் லென்ஸ் வெள்ளை பூக்கும். பறக்கும்போது சுமை ஏறாத மூடி, அலங்காரத் துண்டு போன்றவற்றுக்கு அது போதும்.

ஆர்முக்குப் போதாது. எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்பதைவிட, அதிர்வை எப்படித் தாங்குகிறது என்பதுதான் இங்கே முக்கியம். மோட்டார் சுற்றும் நேரமெல்லாம் ஆர்ம் நடுங்கிக்கொண்டே இருக்கிறது, தரையிறங்கும்போது குலுக்கல் வேறு. காய்ந்த சூப்பர் க்ளூ கண்ணாடி மாதிரி, வளையாமல் உடையும். ஒட்டு பிழைத்தாலும் அதன் ஓரத்தில் புது விரிசல் கிளம்பும். மெதுவாகக் காயும் எபாக்சி இவ்வளவு நொறுங்காது. அதோடு உட்புறம் மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒன்றை ஒட்டினால், சுமை ஒரே கோட்டில் குவியாமல் பரவும். கார்பன் இழைத் துணி இன்னும் உறுதிதான், ஆனால் அது மின்சாரம் கடத்தும். பல மாடல்களில் ஆன்டெனா ஆர்மிலோ காலிலோ இருப்பதால் சிக்னலை மறைத்துவிடும்.

வேலை இதுதான்: விரிசல் முடியும் நுனியில் 1 மி.மீ. துளை போட்டால் விரிசல் மேற்கொண்டு ஓடாது. உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சி தடவி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஐந்து நிமிட எபாக்சி அவசரத்துக்கு உதவும், ஆனால் பலம் குறைவு, சூட்டிலும் சீக்கிரம் இளகும். தாராளமாகவும் பூசாதீர்கள். 249 கிராம் ட்ரோனில் இரண்டு கிராம் ஏறினாலே, பல நாடுகளின் விதிகள் கோடு போடும் 250 கிராமைத் தாண்டிவிடும்.

அசிட்டோன் ஊற்றிப் பிளாஸ்டிக்கையே உருக்கி இணைப்பவர்களும் உண்டு. ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் அதில் நன்றாகக் கரையும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகையோ அசிட்டோன் பட்டால் நுண்விரிசல் விடும், பல கூடுகள் இரண்டின் கலவை. உட்புறத்தில் பொறித்திருக்கும் பிளாஸ்டிக் குறியைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். நான் உடைந்த துண்டுகளில்தான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், பறக்கும் ட்ரோனில் அல்ல. அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

புதுக் கூடு மாட்டினால் எடையும் தோற்றமும் பழையபடி இருக்கும். ஆனால் உள்ளிருப்பதையெல்லாம் இடம் மாற்ற வேண்டும்: கிம்பலின் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் அமைப்பு) மெல்லிய ரிப்பன் கேபிள், ஆன்டெனா வயர், பல மாடல்களில் சால்டர் செய்த மோட்டார் வயர்கள். கை பழகாதவர் விரிசலைச் சரிசெய்யப் போய் கேமராவை இழக்கலாம். இருந்தாலும் மோட்டார் உட்காரும் இடமோ, மடக்கும் கீலோ உடைந்திருந்தால் எபாக்சியை நானே பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார் ஒரு சிறு கோணம் சாய்ந்தாலும் மற்ற மோட்டார்கள் அதை ஈடுகட்டி உழைக்க வேண்டியிருக்கும், வீடியோவிலும் நடுக்கம் தெரியும். அங்கே ஆர்மையோ கூட்டையோ மாற்றிவிடுவதே சரி.