ரெஜெக்ஸா, ஃபங்ஷனா, ஸ்கீமாவா? ஐந்து கட்டங்களில் ஒரு பந்தயம்

மளிகைக் கடைக்காரர்கள் மொத்த விற்பனையாளரிடம் கணக்குத் திறக்க ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். பெயர், செல்போன் எண், மின்னஞ்சல், பான், ஜிஎஸ்டி எண். ஐந்தே கட்டங்கள். அரை நாள் வேலை என்றுதான் ஒப்புக்கொண்டேன். பெயர்க் கட்டத்துக்கு 'எழுத்தும் இடைவெளியும் மட்டும்' என்று பைத்தான் மொழியில் ஒரு வரி ரெஜெக்ஸ் (எழுத்து வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று குறியீடுகளால் சொல்லும் விதி) போட்டேன். நாலைந்து ஆங்கிலப் பெயர்களை அடித்துப் பார்த்தேன், எல்லாம் பச்சை. முதல் நாளே ஓர் அண்ணாச்சி போனில் வந்தார். "தம்பி, தமிழ்ல பேர் அடிச்சா 'சரியான பெயரை உள்ளிடவும்'னு வருதே. எங்கப்பா வச்ச பேர் சரியில்லையா?"

அவர் அப்பா சரியாகத்தான் வைத்திருந்தார். தப்பு என் ஒரு வரியில்.

பயனர் அடிக்கும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஒழுங்கான வடிவில் இருக்கிறதா என்று பார்க்க நம் கையில் இருப்பவை இவை: ரெஜெக்ஸ், நாமே எழுதும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்), எந்தக் கட்டத்தில் என்ன வரலாம் என்று பட்டியல் கொடுத்தால் சோதித்துத் தரும் ஸ்கீமா லைப்ரரி (பைடான்டிக், ஸாட் மாதிரி). இவை போக, ஒரே ஒரு வேலைக்கென்று பிறந்த லைப்ரரிகளும் உண்டு, தொலைபேசி எண்களைச் சோதிக்கும் கூகுளின் லிப்ஃபோன்நம்பர் மாதிரி. இதில் எது உசத்தி என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. இந்தக் கட்டத்துக்குள் வரப்போகும் ஸ்ட்ரிங்கை உருவாக்கியது யார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் தானாக வரும். அரசு அலுவலகம் கொடுத்த எண்ணும் அப்பா அம்மா வைத்த பெயரும் ஒரே விதிக்குள் அடங்கப் போவதில்லை.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன், அடி வாங்கியது அங்கேதான். பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸில் பின்சாய்கோடும் டபிள்யூவும் போட்டால் 'எழுத்து, எண், அடிக்கோடு' என்று பொருள். எழுத்து எது என்பதை யூனிகோடு (உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்திருக்கும் தரநிலை) வகைப்பாட்டைப் பார்த்து அது முடிவு செய்கிறது. அந்த வகைப்பாட்டில் த, ம, ழ எல்லாம் எழுத்து. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் எழுத்தல்ல, 'குறி'. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்றாவதிலேயே என் விதி படுத்துவிட்டது. 'எல்லாம் எழுத்துதானா' என்று சொல்லும் பைத்தானின் 'இஸ்ஆல்ஃபா' மெத்தடைக் கேட்டாலும் இதே கதைதான். 'உமா' என்ற இரண்டெழுத்துப் பெயரைக்கூடத் துணைக்கால் தடுக்கிவிடும். புள்ளியும் கொம்பும் காலும் இல்லாத பெயராகப் பார்த்துப் பிள்ளைகளுக்கு வைத்தால்தான் உண்டு.

ஜாவாஸ்கிரிப்டில் அந்த டபிள்யூ ஆங்கிலத்தைத் தாண்டாது. ஆனால் 2018 பதிப்பிலிருந்து யூனிகோடு வகையைச் சொல்லித் தேட முடிகிறது. எழுத்து, குறி இரண்டு வகையையும் சேர்த்துக் கேட்டால் தமிழ்ப் பெயர் தேறிவிடும். பைத்தானில் அதற்கு வெளி மாட்யூல் ஒன்றை நிறுவ வேண்டும். சரி, நிறுவியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் 'எஸ். கண்ணன்' வருவார், முற்றுப்புள்ளிக்கு அனுமதி வேண்டும். குடும்பப் பெயர் என்று தனிக் கட்டம் வைத்தால் நம்மவர்கள் அதில் தலைப்பெழுத்தை மட்டும் போடுவார்கள், 'குறைந்தது இரண்டெழுத்து' என்ற விதி அவர்களை வெளியே தள்ளும். விதியை ஒவ்வொரு முறை நீட்டும்போதும் இன்னொரு நல்ல மனிதர் வாசலில் நிற்பார்.

நீளம் பார்ப்பதிலும் வில்லங்கம் உண்டு. 'கொற்றவை' படிப்பவருக்கு நான்கெழுத்து, கணினிக்கு ஏழு. சில சமயம் எட்டு. ஏனென்றால் 'கொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் மட்டும் 'வேறு வேறு' என்று வரும். இதற்கு மருந்து இருக்கிறது: வாங்கியதும், பிரிந்து வரும் குறிகளைச் சேர்த்தெழுதும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் 'ஸ்ரீ' அப்படிச் சரியாகாது. 'ஸ'வில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 'ஶ'வில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம், என்எஃப்சி இவற்றைச் சேர்த்து வைக்காது. ஒரே ஸ்ரீதர் இரண்டு வாடிக்கையாளர்களாக டேட்டாபேஸில் உட்கார்ந்திருப்பார்.

ஆக, பெயரில் ரெஜெக்ஸுக்குத் தோல்வி. நான் கடைசியில் வைத்தது ஐந்து வரி ஃபங்ஷன். முன்பின் இடைவெளியை வெட்டும், என்எஃப்சிக்கு மாற்றும், காலியா என்று பார்க்கும், கட்டுப்பாட்டுக் குறிகள் (திரையில் தெரியாத, கணினிக்கான குறிகள்) இருந்தால் மறுக்கும், நீளம் 200-ஐத் தாண்டினால் மறுக்கும். அவ்வளவுதான். பெயர் 'சரியா' என்று அது கேட்பதே இல்லை.

செல்போன் எண்ணில் ஆட்டம் கொஞ்சம் சமமாகப் போகும். 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம் என்பது ஒரு வரி ரெஜெக்ஸ். ஆனால் இந்த விதிக்கு வயதாகும். ஒரு காலத்தில் 9 மட்டும்தான், பிறகு 8, 7, கடைசியாக 6. பழைய விதியைக் கோடில் (நிரலில்) பதித்து மறந்தவர்கள் புது எண் வாங்கியவர்களை எல்லாம் 'தவறான எண்' என்று திருப்பி அனுப்பினார்கள். தவிர, யாரும் பத்து இலக்கத்தை மட்டும் அடிப்பதில்லை. முன்னால் 91, அல்லது 0, நடுவில் இடைவெளி, காண்டாக்டிலிருந்து காப்பி எடுத்தால் கண்ணுக்கே தெரியாத திசைக் குறி. இதையெல்லாம் துடைத்த பிறகுதான் ரெஜெக்ஸிடம் கொடுக்க வேண்டும். துடைப்பது ஃபங்ஷன் வேலை.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. பைத்தானில் பின்சாய்கோடும் டி-யும் போட்டால் 'இலக்கம்' என்று பொருள், அது தமிழ் எண்களையும் ஏற்கும். '௧௨௩' என்ற ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் சத்தமில்லாமல் 123 தரும். பத்தைக் குறிக்கும் '௰' மட்டும் ஆகாது. தமிழுக்கு மரியாதை என்று சந்தோஷப்படலாம், ஆனால் எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை அதே மரியாதையைக் காட்டும் என்று நம்பிவிடாதீர்கள். எண்களுக்கு 0 முதல் 9 வரை என்று வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

லிப்ஃபோன்நம்பர் இந்த வேலையைப் பல நாடுகளுக்கும் செய்யும். 044 சென்னை என்று அதற்குத் தெரியும். நீளத்தை மட்டும் பார்த்து 'இருக்கக்கூடிய எண்' என்று சொல்லும், எண் வரிசையையும் பார்த்து 'செல்லுபடியாகும் எண்' என்றும் சொல்லும். இரண்டும் வேறு வேறு. எண் திட்டம் மாறும்போது லைப்ரரியைப் புதுப்பிக்க வேண்டும், அதுதான் செலவு. வாடிக்கையாளர் எல்லாரும் இந்தியாவில் என்றால் துடைப்பும் ஒரு வரியும் போதும். சிங்கப்பூரின் எட்டு இலக்க எண் ஒன்று உள்ளே வரும் அன்றைக்கு லைப்ரரிக்கு மாறிவிடுங்கள். எப்படியிருந்தாலும் அந்த எண் அவருடையதுதானா என்று ஓடிபி ஒன்றுதான் சொல்லும்.

பான் எண்ணைப் பார்த்தால், ரெஜெக்ஸுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததோ என்று தோன்றும். ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து அது யாருடைய பான் என்று சொல்லும்: தனிநபருக்கு பி, கம்பெனிக்கு சி, பார்ட்னர்ஷிப்புக்கு எஃப். இதை ஃபங்ஷனாக எழுதினால் பதினைந்து வரி ஓடும், படிப்பவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரெஜெக்ஸில் வடிவம் அப்படியே கண்முன் கிடக்கும். வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடும் இதே சாதி: நான்கு எழுத்து, ஒரு பூஜ்யம், பிறகு ஆறு இடம். ஒரே ஒரு கவனம். பைத்தானில் ரெஜெக்ஸைப் பொருத்திப் பார்க்கும் 'மேட்ச்' தொடக்கத்தை மட்டும்தான் கட்டிப்போடும், முடிவுக்கு டாலர் குறி போட்டாலும் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். 'ஃபுல்மேட்ச்' என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான்.

ஜிஎஸ்டி எண்ணில் ரெஜெக்ஸ் பாதி தூரம்தான் வரும். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து அந்த வியாபாரத்தின் பான். 14வது இடம் வழக்கமாக ஜெட். கடைசி இடம் சரிபார்ப்புக் குறி. நடுவில் ஒரு 3-ஐ யாராவது 8 என்று அடித்தால் ரெஜெக்ஸ் வாயே திறக்காது, வடிவம் கெடவில்லையே. கணக்குப் போட்டால்தான் பிடிபடும். ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 35 வரை மதிப்பு (ஏ என்றால் 10, ஜெட் என்றால் 35). இடமிருந்து 1, 2, 1, 2 என்று மாற்றி மாற்றிப் பெருக்கி, வந்ததை 36ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்ட வேண்டும். அந்த 14வது ஜெட்டையே எடுங்கள்: 35-ஐ 2ஆல் பெருக்கினால் 70. 36ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 34, கூட்டினால் 35. இப்படிப் பதினான்கையும் கூட்டி, மொத்தத்தை 36ஆல் வகுத்த மீதியை 36இலிருந்து கழித்தால் பதினைந்தாவது இடம் வந்து நிற்கும். கழித்து 36 வந்தால் பூஜ்யம். பத்து வரி லூப்.

கிரெடிட் கார்டு எண்ணில் இருக்கும் லூன் கணக்கின் தம்பிதான் இது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. பக்கத்தில் இருக்கும் 0, 9 இடம் மாறினால் லூன் கோட்டை விட்டுவிடும். ஆதாரின் 12வது இலக்கத்துக்குப் பயன்படுத்தியிருக்கும் வெர்ஹூஃப் முறை, பக்கத்து இலக்கங்கள் எப்படி இடம் மாறினாலும் பிடித்துவிடும். எதைப் பிடித்தாலும் அப்படி ஓர் எண் உண்மையில் இருக்கிறதா என்பது இவை எதற்கும் தெரியாது.

ரெஜெக்ஸை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அது கடிக்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் பாவம். 2016 ஜூலை 20 அன்று புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் படுத்தது. காரணம், வரியின் ஓர இடைவெளிகளை வெட்டும் சாதுவான ஒரு ரெஜெக்ஸ். யாரோ இட்ட பதிவில் சுமார் 20,000 இடைவெளிகள் தொடர்ச்சியாக இருந்தன, அவற்றுக்குப் பின்னால் வேறு எழுத்து. முதல் இடைவெளியில் தொடங்கிக் கடைசி வரை ஓடி, 'முடிவு இல்லையே' என்று திரும்பி, இரண்டாவதில் தொடங்கி மறுபடி ஓடி... கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 20 கோடி அடி. 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் க்ளவுட்ஃப்ளேரும் ஒரு ரெஜெக்ஸால்தான் 27 நிமிடம் தவித்தது. நீளத்தை முதலில் பார்த்துவிட்டு ரெஜெக்ஸிடம் கொடுத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். இல்லையென்றால் இப்படிப் பின்வாங்கி ஓடாத ஆர்இ2 மாதிரியான ரெஜெக்ஸ் எஞ்சினுக்குப் போகலாம், சில வசதிகளை இழக்க வேண்டியிருக்கும்.

மின்னஞ்சலுக்கு நீண்ட ரெஜெக்ஸ் தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல்லின் விதிமுறையே மின்னஞ்சல் விஷயத்தில், மின்னஞ்சல் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 ஆவணத்தை வேண்டுமென்றே மீறுவதாக எழுதி வைத்திருக்கிறது. 'புள்ளிக்குப் பின் இரண்டு முதல் நான்கு எழுத்து' என்ற பழைய விதி இன்னும் பல கோடுகளில் சுற்றுகிறது, .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முகவரி முடியும் காலம் இது. அட் குறி இருக்கிறதா, அதற்கு இருபுறமும் ஏதாவது இருக்கிறதா, மொத்தம் 254க்குள் இருக்கிறதா, போதும். அப்புறம் ஒரு மடல் அனுப்பி இணைப்பைச் சொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கீமா லைப்ரரி எங்கே? மேலே சொன்ன எல்லாவற்றையும் கட்டி வைக்கும் கயிறு அது. ஐந்து கட்டத்தின் பிழைகளையும் ஒரே நேரத்தில் தரும், துடைத்த மதிப்பைத் திருப்பித் தரும், கட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவும் இடம் கொடுக்கும். தானாக எல்லாம் செய்யும் என்று நினைத்தால்தான் ஏமாற்றம். பைடான்டிக்கில் மின்னஞ்சல் டைப் வேண்டுமென்றால் தனி பேக்கேஜ் நிறுவ வேண்டும். ஜேசன் தரவின் வடிவத்தை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமாவில் 'ஃபார்மட்: மின்னஞ்சல்' என்று எழுதினால் 2019 வரைவிலிருந்து அது இயல்பாக வெறும் குறிப்புதான், சோதனை அல்ல. பிரவுசரில் வைக்கும் சோதனை பயனருக்குச் செய்யும் உபகாரம், சர்வரில் மறுபடி பார்த்தே தீர வேண்டும்.

கட்டங்களை ஒப்பிடும் வசதியை நான் உடனே பயன்படுத்தினேன்: ஜிஎஸ்டி எண்ணின் 3 முதல் 12 வரையான இடமும் பான் கட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி. மறுநாள் அதே அண்ணாச்சி. "தம்பி, பேரு ஏறிடுச்சு. இப்ப பான் நம்பர் பொருந்தலைங்குது." வாங்கிப் பார்த்தேன். அவர் அடித்த பானில் நான்காவது எழுத்து பி. ஜிஎஸ்டி எண்ணுக்குள் இருந்த பானில் எஃப். கடை, தம்பியோடு சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப். படிவத்தில் 'பான் எண்' என்று மட்டும் இருந்ததால் தன் சட்டைப்பையில் இருந்த அட்டையைப் பார்த்து அடித்திருக்கிறார். கோடில் ஒரு வரியும் மாற்றவில்லை. கட்டத்தின் தலைப்பைக் 'கடையின் பான் எண்' என்று மாற்றினேன்.