கட்டற்ற மென்பொருள்: எதைச் சொல்லித் தொடங்குவது?

யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று விடப்பட்டதுதான் கட்டற்ற மென்பொருள். சென்னையில் அதைப் பரப்புகிறவர்களில் சிலர் காசு மிச்சம் என்கிறார்கள். சிலர் சுதந்திரம் பேசுகிறார்கள். வேறு சிலர் ஒரே ஒரு மென்பொருளை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். என் ஓட்டு மூன்றாவது கட்சிக்குத்தான்.

காசுப் பேச்சு வீடுகளில் எடுபடாது. பழைய கணினி வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் உரிமமில்லாத விண்டோஸும் ஆபிஸும் கூடவே வந்துவிடுகின்றன. சல்லிக்காசு கொடுக்காதவரிடம் ‘இது இலவசம்’ என்று சொல்லி என்ன பயன்? இருபது கணினிகளுக்கு முறையாக உரிமம் வாங்கும் அலுவலகத்தில் மட்டும் அது பலிக்கும்.

கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்க 1983-இல் குனு திட்டத்தை அறிவித்த அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்வைத்த சுதந்திர வாதமே உண்மையான வாதம். அதை உணர்ந்து வந்தவர்கள் எளிதில் திரும்பிப் போவதில்லை. ஆனால் மாலைக்குள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்ப வேண்டிய திருவல்லிக்கேணி டிடிபி கடைக்காரரிடம், முதல் சந்திப்பிலேயே இயக்குவது, ஆராய்ந்து மாற்றுவது, பகிர்வது, மாற்றியதையும் பகிர்வது என்ற நான்கு சுதந்திரங்களை விளக்குவது அவர் நேரத்தை வீணடிப்பதாகும்.

ஆபிஸுக்கு மாற்றான கட்டற்ற மென்பொருள் லிப்ரே ஆபிஸ். அதை நம் மடிக்கணினியில் விண்டோஸிலேயே நிறுவி அவரிடம் காட்டலாம். அவருடைய பழைய கோப்பை அதில் திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்து நிற்கும். ‘இதில் தமிழ் வராது’ என்பார். கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் இதே கதிதான். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். எழுத்துரு எதுவானாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தன் கோப்பு ஓர் எழுத்துருவுக்குள் சிறைப்பட்டிருந்ததைக் கண்ணால் கண்டவருக்குச் சுதந்திரத்தைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இயங்குதளத்தையே முதலில் கையில் கொடுப்பதும் போதவில்லை. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் இருந்தது. நான் பார்த்த பிள்ளைகள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை, சொல்லித்தர ஆளில்லை.

இப்போது நல்ல வாய்ப்பு வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போடச் சொல்வது அநியாயம்! ஆகவே பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி, கடைக்காரர் பழகிய தமிழ் விசைப்பலகையையும் அச்சுப்பொறியையும் அவர் கண்முன்னே சோதியுங்கள். அச்சுப்பொறி மக்கர் செய்தால் அன்று நிறுவ வேண்டாம். லிப்ரே ஆபிஸோடு நிறுத்திக்கொண்டு, அச்சுப்பொறியை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.