டபிள்யூசிடபிள்யூவா, ஈசிடபிள்யூவா? வின்ஸ் மக்மானிடம் தோற்ற இரண்டு கடைகள்

2001 ஜனவரி 13, ஆர்கன்சாவில் பைன் பிளஃப் என்ற ஊரில் ஈசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கம்பெனியின் கடைசி ஷோ. மார்ச் 26, ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் இன்னொரு ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவின் வாராந்திர டிவி ஷோ நைட்ரோ கடைசியாக. எழுபத்திரண்டே நாளில் அமெரிக்க ரெஸ்லிங்கில் வின்ஸ் மக்மானின் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) தவிர பெரிய கடை எதுவும் இல்லாமல் போனது. டிரம்ப் கார்டு வைத்து அண்டர்டேக்கரின் எடையைச் சொல்லி ஜெயித்த நம்மூர் பிள்ளைகளில் பலருக்கு இந்த இரண்டு பெயருமே தெரியாது.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் ஈசிடபிள்யூ கட்சி.

பணத்தில் ஒப்பீடே கிடையாது. டிவி சேனல் முதலாளி டெட் டர்னர் 1988-இல் வாங்கிய கம்பெனி டபிள்யூசிடபிள்யூ. 1994-இல் ஹல்க் ஹோகனை இழுத்தார்கள். 1995 செப்டம்பரில் டபிள்யூடபிள்யூஎஃபின் வாராந்திர ஷோவான ராவுக்கு நேர் எதிரே, அதே திங்கட்கிழமை இரவில், நைட்ரோவைத் தொடங்கினார்கள். 1996-இல் ஹோகன் வில்லனாக மாறியதும் எண்பது வாரத்துக்கும் மேல் ராவை ரேட்டிங்கில் அடித்தார்கள். இதெல்லாம் தெரிந்த கதை.

ஈசிடபிள்யூவின் சொத்து என்று பார்த்தால் தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பிங்கோ ஹால், அதில் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆனால் மேட்ச் அமைப்பதில் அதை நடத்திய பால் ஹேமனுக்கு ஒரு கணக்கு இருந்தது: ஆளிடம் இருப்பதைக் காட்டு, இல்லாததை மறை. சாண்ட்மேன் என்ற ரெஸ்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்குக்குள் பெரிதாக ஒன்றும் வராது. அதனால் வருகையையே நீட்டினார்கள். பாட்டு முழுக்க ஓடும். கூட்டத்துக்கு நடுவே கையில் பிரம்புக் கழியோடு வருவார், பீர் கேனை நெற்றியில் அடித்து நசுக்குவார், மணி அடிக்கும் முன்பே ரத்தம் வழியும். அதற்குப் பின் மேட்ச் ஐந்து நிமிடம் போதும். அதே ஹாலில் எடி கரேரோவும் டீன் மலென்கோவும் நாற்காலி, மேஜை எதுவும் இல்லாமல் சுத்தமான மல்யுத்தம் ஆடினார்கள். 1995 ஆகஸ்டில் அவர்களின் கடைசி மேட்சில் ‘போகாதீர்கள்’ என்று கூட்டமே கத்தியது. அடுத்த சில வாரங்களில் இருவரும் நைட்ரோவில். ரே மிஸ்டீரியோ, கிறிஸ் ஜெரிக்கோ பின்னால் போனார்கள். நைட்ரோவின் முதல் மணி நேரம் நன்றாக இருந்ததென்றால் அதில் பாதி ஈசிடபிள்யூ பட்டறையின் சரக்கு.

குறை இல்லாமல் இல்லை. இந்த வாரம் ஒரு மேஜை உடைந்தால் அடுத்த வாரம் இரண்டு உடைய வேண்டும். அந்த ஏணிக்கு முடிவில்லை. சம்பள செக் திரும்பி வந்ததைப் பலரும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பே-பர்-வியூ (ஒரு ஷோவுக்கென்று தனியாகக் காசு கட்டி டிவியில் பார்ப்பது) வசூல் கேபிள்காரர்களிடமிருந்து வந்து சேரப் பல மாதம் ஆகும். ஆள் சம்பளமோ ஷோ முடிந்ததும் கொடுக்க வேண்டியது. கையில் முதல் இல்லாத கடைக்கு அந்த இடைவெளியே எமன்.

டபிள்யூசிடபிள்யூவின் வியாதி நேர் எதிர். பெரிய தலைகளுக்கு அரங்கம் நிறைந்தாலும் காலியானாலும் அதே காசு, ஹோகனுக்குத் தன் கதையில் தானே கடைசி வார்த்தை சொல்லும் ஷரத்து வேறு. 1998 ஜூலையில் கோல்ட்பெர்க் ஹோகனைத் தோற்கடித்த மேட்சை பே-பர்-வியூவில் விற்காமல் இலவச டிவியில் கொடுத்தார்கள். 1999 ஜனவரி 4 அன்று, ஏற்கெனவே பதிவான ராவில் மிக் ஃபோலி டைட்டில் ஜெயிக்கப் போகிறார் என்று கேலியாக அறிவித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் உடனே சேனலை மாற்றினார்கள். அதே இரவு நைட்ரோவில் ஹோகன் கெவின் நாஷின் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார், நாஷ் மல்லாந்தார், டைட்டில் கை மாறியது. காசு கொடுத்து வந்தவர்கள் எதிர்பார்த்ததோ கோல்ட்பெர்க் மேட்சை.

ஆனால் இத்தனை கூத்தையும் ஒரு கம்பெனி தாங்கும். டிவி நேரம் போனால் தாங்காது. வாராந்திர ஷோதான் அரங்க டிக்கெட்டையும் பே-பர்-வியூவையும் விற்கும் விளம்பரம். ஈசிடபிள்யூவுக்கு 1999 ஆகஸ்டில் டிஎன்என் சேனலில் இடம் கிடைத்தது. ஒரே வருடத்தில் அதே சேனல் ராவை வாங்கியது. 2000 அக்டோபரில் ஈசிடபிள்யூ வெளியே. வாடகை வீடு, காலி செய்யச் சொன்னார்கள், சரி. டபிள்யூசிடபிள்யூ இருந்தது அப்பன் வீட்டில், டர்னர் தொடங்கிய சேனல்களில். தாய்க் கம்பெனி இன்டர்நெட் கம்பெனியான ஏஓஎல்லுடன் இணைந்த பிறகு 2001 மார்ச்சில் புதிய நிர்வாகம் டிஎன்டி, டிபிஎஸ் இரண்டிலும் ரெஸ்லிங்கை நிறுத்தியது. வாங்க வந்த, டபிள்யூசிடபிள்யூவின் முன்னாள் தலைவர் எரிக் பிஷாஃபின் குழு உடனே விலகியது; டிவி நேரமில்லாத கம்பெனியை வைத்து என்ன செய்வது? மிஞ்சிய பெயர், பழைய டேப்புகள், சில ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்த்துச் சில மில்லியன் டாலருக்கு வின்ஸ் மக்மானுக்கே போயின.

அந்தப் பாடம் 2002-இல் தொடங்கிய டிஎன்ஏ என்ற ரெஸ்லிங் கம்பெனிக்கு எட்டவில்லை. சேனல் இல்லாமல் வாராவாரம் 9.95 டாலருக்கு பே-பர்-வியூ விற்றுப் பார்த்தார்கள். ஏஇடபிள்யூ என்ற இன்னொரு கம்பெனி 2019-இல் டிஎன்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாராந்திர ஷோவையே தொடங்கியது. அது எத்தனை காலம் நிற்கும் என்று எடைபோட இன்னும் நாள் இருக்கிறது.

டேப்பில் பார்த்து எடைபோட்ட கணக்குதான் இது. ஹாலில் வியர்வையோடு நின்றவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். பார்க்க நினைப்பவர்கள் ஈசிடபிள்யூவில் 1995 முதல் 1997 வரை எடுங்கள். நைட்ரோ என்றால் 1996, 97-இன் முதல் மணி நேரம். 1998-இல் அதை மூன்று மணி நேரமாக நீட்டினார்கள். அந்த மூன்றாவது மணியைத் தொடவே வேண்டாம்.