சென்சோட்ரானிக் பிரேக்: மெர்சிடிஸ் இ-கிளாஸின் மின்னணு பிரேக் அமைப்பு, ஒரு மதிப்புரை

2002ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் வண்டியின் கதவைத் திறந்தால், எஞ்சின் இன்னும் ஓடத் தொடங்காத நிலையிலேயே, பானட்டுக்கு அடியிலிருந்து ஒரு பம்ப் சில நொடிகள் முனகும் ஓசை கேட்கும். அது சென்சோட்ரானிக் பிரேக் கன்ட்ரோல், சுருக்கமாக எஸ்.பி.சி., தன் வேலைக்குத் தயாராகும் ஓசையாகும். டபிள்யூ 211 என்று கார் ஆர்வலர்கள் குறிப்பிடும் இந்தத் தலைமுறை வண்டி இன்று பழைய கார் சந்தையில் மிகவும் இறங்கிய விலைக்குக் கிடைப்பதால், அதை வாங்க எண்ணுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் பிரேக்கைப் பற்றித்தான் என்று நான் கருதுகிறேன்.

பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட இந்த அமைப்பு முதலில் 2001இல் எஸ்.எல். ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது. அடுத்த ஆண்டு இ-கிளாஸுக்கு வந்தது. வழக்கமான காரில் நாம் பெடலை மிதிக்கும்போது, எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் நம் கால் விசையைப் பெருக்கி, மாஸ்டர் சிலிண்டர் வழியாகத் திரவத்தைச் சக்கரங்களுக்குத் தள்ளும். எஸ்.பி.சி.யில் அந்த பூஸ்டரே கிடையாது. பெடல் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதை சென்சார்கள் அளந்து கணினிக்குச் சொல்கின்றன. மின்சார பம்ப் ஒன்று ஏறத்தாழ 140 முதல் 160 பார் அழுத்தத்தில் ஒரு தேக்கியில் திரவத்தை எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கிறது. கணினி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக வால்வைத் திறந்து வேண்டிய அழுத்தத்தை அனுப்புகிறது. நம் காலுக்குக் கிடைக்கும் எதிர்விசை, பிரேக்கிலிருந்து வருவதன்று. அதற்கென்றே வைக்கப்பட்ட ஒரு வில் அமைப்பு தருவது.

ஓட்டிப் பார்க்கும்போது இதன் மேன்மை வெகு விரைவில் புலப்படுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், ஓட்டுநர் அவசரமாக நிறுத்தப் போகிறார் என்று கணினி ஊகித்து, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்குகளை இறுக்கிப் பிடிக்கும் பேடுகளை, அவற்றை ஒட்டி முன்கூட்டியே கொண்டுவந்து விடுகிறது. எனவே கால் பெடலைத் தொட்ட கணத்திலேயே வண்டி வேகம் குறைகிறது. மழையில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தால், ஓட்டுநர் உணராத அளவுக்குச் சிறு அழுத்தங்களை அவ்வப்போது கொடுத்து டிஸ்க்கில் படிந்த நீர்ப்படலத்தைத் துடைத்துவிடுகிறது. வளைவில் பிரேக் பிடிக்கும்போது, எடை அதிகம் தாங்கும் வெளிப்புறச் சக்கரங்களுக்குக் கூடுதல் விசையைத் தந்து வண்டியைத் தடத்திலேயே வைத்திருக்கிறது. இவை அனைத்தும் பெடல் வழியாக நமக்கு எதையும் அறிவிக்காமலேயே நிகழ்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

திடீரென பிரேக் பிடிக்கையில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது வழக்கமான கார்களில் பெடல் காலடியில் அதிரும். அந்த அதிர்வைக் கண்டு அஞ்சி, அழுத்தத்தைத் தளர்த்த வேண்டாத நேரத்தில் தளர்த்திவிடுவோர் பலர் உண்டு. எஸ்.பி.சி.யில் பெடலுக்கும் சக்கரங்களுக்கும் இடையே இயல்பு நிலையில் திரவத் தொடர்பு இல்லாததால் அந்த அதிர்வு காலை எட்டுவதே இல்லை. 1978இல் எஸ்-கிளாஸில் ஏ.பி.எஸ்.ஸையும், 1995இல் எஸ் 600 கூப்பேயில் வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி.யையும் கொண்டுவந்தது இதே நிறுவனம்தான். அவ்விரண்டையும் இதைவிட நயமாக இயக்கிக் காட்டிய வண்டி அக்காலத்தில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

பெடலின் உணர்வு குறித்து மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. சாலை வழுக்கலா, டிஸ்க் சூடேறிவிட்டதா என்ற செய்தி காலுக்கு வருவதில்லை. மலைப்பாதையில் இறங்கும்போது இந்த மௌனம் சிலருக்கு உறுத்தலாம். ஆயினும் நெடுஞ்சாலையிலும் நகரத்திலும் அன்றாடம் ஓட்டுபவருக்கு இது பெரிய தடையாக இராது.

உண்மையான கேள்வி, இது பழுதானால் என்ன ஆகும் என்பதே. மின்சாரமோ பம்ப்போ செயலிழந்தால் வால்வுகள் திறந்து, பெடலுக்கும் முன்சக்கரங்களுக்கும் மட்டும் நேரடித் திரவத் தொடர்பு ஏற்படும். பின்சக்கரங்களுக்கு பிரேக் கிடையாது. விசையைப் பெருக்க பூஸ்டரும் கிடையாது. பெடல் வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே இறங்கும், முழுப் பலத்தையும் கொண்டு மிதிக்க வேண்டியிருக்கும். வண்டி நிற்கும், ஆனால் மெல்லிய தொடுதலுக்கே நின்று பழகிய ஓட்டுநர், அந்தக் கணத்தில் காலில் அவ்வளவு வலுவைக் கூட்ட வேண்டும் என்பதை யாரும் அவருக்கு முன்பே கற்றுத் தந்திருக்க மாட்டார்கள். இத்தனை நுட்பமாக இயங்கும் அமைப்புக்கு இவ்வளவு எளிய மாற்று ஏற்பாட்டை வைத்ததுதான் இதன் மிகப் பெரிய பலவீனம் என்பது என் உறுதியான கருத்து.

2004ஆம் ஆண்டு மே மாதத்தில் மெர்சிடிஸ், எஸ்.பி.சி. பொருத்திய ஏறத்தாழ 6,80,000 வண்டிகளைச் சரிபார்ப்புக்குத் திரும்ப அழைத்தது. 2005 மார்ச்சில் ஏறத்தாழ 13 லட்சம் வண்டிகளுக்கு விடுத்த அழைப்பிலும் பிரேக் இடம்பெற்றது. 2006இல் இ-கிளாஸ் புதுப்பிக்கப்பட்டபோது எஸ்.பி.சி. கைவிடப்பட்டு, பூஸ்டருடன் கூடிய பழைய முறையே திரும்பியது.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிரேக் எத்தனை முறை பிடிக்கப்பட்டது என்பதை இந்த அமைப்பு தானே எண்ணிக்கொண்டு வருகிறது. நிர்ணயித்த எண்ணிக்கையை எட்டியதும், பழுது இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிரேக்கைச் சோதிக்கப் பணிமனைக்குச் செல்லுமாறு டாஷ்போர்டில் சிவப்பு எச்சரிக்கை தோன்றும். பெரும்பாலும் முழு அலகையும் மாற்றுவதே இதற்குத் தீர்வாகிறது, அதன் விலையோ சிறியதன்று. எனவே குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டி என்பதால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது; நெரிசலான நகரத்திலேயே ஓடிய வண்டியின் எண்ணிக்கை, நெடுஞ்சாலையில் இருமடங்கு தூரம் ஓடிய வண்டியின் எண்ணிக்கையை எளிதில் தாண்டியிருக்கும். கணினிச் சோதனைக் கருவியை இணைத்து அந்த எண்ணை நேரில் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

மேலும், பேடு மாற்றுவதற்கு முன் அந்தக் கருவியால் எஸ்.பி.சி.யைச் செயலிழக்கச் செய்தே ஆக வேண்டும். இல்லையேல் யாரேனும் கதவைத் திறந்தவுடன் அமைப்பு விழித்துக்கொண்டு பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரை முழு அழுத்தத்தில் இறுக்கிவிடும்; உள்ளே இருக்கும் மெக்கானிக்கின் விரல்கள் நசுங்கும் அபாயம் மெய்யானது. இதை அறியாத பணிமனையிடம் இந்த வண்டியை ஒருபோதும் விடாதீர்கள்.

எஸ்.பி.சி. முன்வைத்த எண்ணம் வீண்போகவில்லை. 2013இல் உற்பத்திக்கு வந்த பாஷின் ஐபூஸ்டர், வெற்றிடம் இல்லாமல் மின்மோட்டாரால் கால் விசையைப் பெருக்குகிறது. 2016இல் ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவில் வந்த கான்டினென்டல் நிறுவனத்தின் எம்.கே. சி1 என்ற பிரேக் அமைப்பு, பெடலையும் சக்கரங்களையும் மீண்டும் மின்னணு வழியாகவே இணைத்தது. எஸ்.பி.சி.யில் மாற்று ஏற்பாடு முன்சக்கரங்களோடு நின்றது. மின்சாரம் போனாலும் நான்கு சக்கரங்களுக்கும் காலின் விசை நேரடியாகச் செல்லும்படி எம்.கே. சி1 அமைக்கப்பட்டுள்ளது.

இன்று ஒரு டபிள்யூ 211 வாங்குவதானால், 2006க்குப் பிந்தைய வண்டியையே தேடச் சொல்வேன். எஸ்.எல். காரை விரும்புவோருக்கு அந்த வழி இல்லை, அந்தத் தலைமுறை முழுவதும் எஸ்.பி.சி. தொடர்ந்தது. எஸ்.பி.சி. உள்ள வண்டியையே வாங்குவதென்றால், அலகு மாற்றப்பட்டதற்கான ரசீதும் நல்ல நிலையிலுள்ள பேட்டரியும் கையில் கிடைத்த பிறகு வாங்குங்கள்.