அண்ணன் கண்ணில் வளர்ந்த சதை

இந்த முறை ஊரில் இருந்த மூன்று வாரத்தில் நான்கு நாள் கண் மருத்துவமனையில் கழிந்தது. அண்ணனுக்கு வலது கண்ணில், மூக்கோரமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தின்மேல், ஏறியிருந்தது. டெரிஜியம் என்பார்கள். ஏற்கெனவே வேறோர் இடத்தில் ஒருமுறை எடுத்தாயிற்று. எட்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. மறுபடி வரக்கூடும் என்று அங்கே யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பதிவும் பார்வைப் பரிசோதனையும் சீக்கிரம் முடிந்தன. டாக்டர் அம்மாவைப் பார்க்கத்தான் இரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆனால் உள்ளே போனதும் அவசரப்படுத்தவே இல்லை. ஸ்லிட் லாம்ப் என்கிற கண் நுண்ணோக்கியில் பிடித்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். இளஞ்சிவப்புச் சதை, அதற்குள் நூல் நூலாக ரத்தக் குழாய்கள், எல்லாமே கண்மணியை நோக்கி நேராக ஓடின.

"நல்ல கருவிழியில ஒரு ரத்தக் குழாய்கூட இருக்காது சார். அதனாலதான் தெளிவா இருக்கு" என்றார் அண்ணனிடம்.

ரத்தக் குழாய்களை வளரச் செய்யும் புரதம் ஒன்று உண்டு, விஇஜிஎஃப். கருவிழி தானே பொறிபோல வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரந்து, அந்த விஇஜிஎஃப்பைப் பிடித்து முடக்கிவைக்கிறது. 2006இல் தெரியவந்த விஷயம் இது. வருடக்கணக்காக வெயில் படும்போது புறஊதாக் கதிர் கருவிழி விளிம்பின் செல்களைக் கெடுக்கிறது. அவை விஇஜிஎஃப்பை அதிகம் சுரக்கின்றன, குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களோ குறைகின்றன. பக்கவாட்டில் விழும் ஒளியைக் கருவிழியே வளைத்து மூக்கோர விளிம்பில் குவிப்பதால், அந்தப் பக்கத்துக்குத்தான் அடி அதிகம். அண்ணன் நாள் முழுக்க வெளியில் நின்று வேலை பார்ப்பவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள் என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை.

"ஊசி போட்டாலே கரைஞ்சிடும்னு சொன்னாங்களே டாக்டர்?" என்று கேட்டேன். பெவாசிசுமாப் ஊசியைத்தான் சொன்னேன். 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து, விஇஜிஎஃப்பைக் கட்டிப்போடும். சிவப்பு சில வாரம் அடங்கும், குழாய்கள் சுருங்கும், பிறகு மெல்லத் திரும்பிவிடும் என்றார். ஏற்கெனவே படிந்த நார்த்திசு ஊசிக்குக் கரையாது. அறுவைக்குத் துணையாகப் போட்ட ஆய்வுகளிலும் பலன் ஒரே மாதிரி இல்லையாம்.

முதல்முறை சதையை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டிருந்தார்கள். வெட்டிய காயமே விஇஜிஎஃப்பைக் கூட்டும். திறந்து கிடந்தால் குழாய்கள் மறுபடி படையெடுக்க வழி கிடைக்கிறது. இந்த முறை அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய வெண்படலத்தை எடுத்து, பசை வைத்து ஒட்டினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த அறுவைக்குப் போகிறவர்கள், படலம் வைத்து மூடுவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து நடக்கும்வரை கண் அழுத்தம் பார்க்க வரவேண்டும் என்று தேதிகளைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். நான் திரும்பி வந்த பிறகும் அண்ணன் வாராவாரம் கண்ணைப் படம் எடுத்து அனுப்புகிறார். பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒட்டின இடத்தின் ஓரம் இன்னும் சிவப்புதான். விளிம்பைத் தாண்டி ஒரு குழாயும் உள்ளே வரவில்லை.