பழக்கத்தை மாற்றும் பக்குவம்: கிட் பயன்படுத்திய அனுபவம்

காரைக்குடியில் சிறிய மென்பொருள் அலுவலகம் நடத்துகிறோம். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கு ஆர்டர், பில், இருப்புக் கணக்கு. கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய பழைய வீடுகளுக்கு அறைப் பதிவு. இவற்றின் நிரல்கள் எல்லாம், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில்தான் இருக்கின்றன. 1.7 பதிப்புக் காலத்திலிருந்து இதை விடாமல் பயன்படுத்துகிறேன். அதன் வேகத்தைப் பற்றியும், ஒரே நிரலைத் தனித்தனி வழிகளில் வளர்க்க உதவும் கிளைகளைப் பற்றியும் பலர் எழுதிவிட்டார்கள். என்னை இந்தக் கருவியோடு கட்டிப்போட்டது வேறொன்று: லட்சக்கணக்கானோர் கைப்பழக்கமாக அடிக்கும் ஒரு கட்டளையின் இயல்புநிலையை (நாம் எதையும் குறிப்பிடாதபோது அது தானாகச் செய்வதை) அது மாற்றுகிற நிதானம்.

முதலில் புஷ், அதாவது நம் கணினியில் செய்த மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்பும் கட்டளை. பழைய கிட்டில் வெறுமனே 'கிட் புஷ்' என்று அடித்தால், நம் கணினியிலும் சர்வரிலும் ஒரே பெயரில் உள்ள எல்லாக் கிளைகளும் சேர்ந்து போகும். இதற்கு 'மேட்சிங்' என்று பெயர். தன் களஞ்சியத்தை (நிரலும் அதன் வரலாறும் சேர்ந்த தொகுப்பை) தானே பராமரித்து, எல்லாம் தயாரானதும் வெளியிடுகிறவருக்கு இது வசதி. ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும் இடத்திலோ ஆபத்து. பாதியில் நிற்கும் கிளையும் உடன் போய்விடும். சர்வர் மறுத்தாலும் வலிந்து அனுப்பும் 'ஃபோர்ஸ்' சேர்த்து அடித்தால், அடுத்தவர் கிளையின் புதிய கமிட்டுகள் (பதிந்த மாற்றங்கள்) மீது நம்மிடம் உள்ள பழைய பிரதி ஏறிவிடும்.

இதை ஒரே நாளில் திருப்பிப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 2012இல் வந்த 1.7.11 பதிப்பில், நிற்கும் கிளையை மட்டும் அனுப்பும் 'சிம்பிள்' என்ற முறை ஒரு விருப்பமாக வந்தது. பிறகு 1.8 வரிசையில், எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்குப் புஷ் செய்யும்போது எச்சரிக்கை: 2.0 பதிப்பில் இயல்புநிலை மாறப்போகிறது. பழையதே வேண்டுமென்றால் இந்த வரி, புதியது வேண்டுமென்றால் அந்த வரி. மாற்றம் நிகழ்ந்தது 2014 மே மாதம். பங்காளிகள் பலருக்கும் பாத்தியப்பட்ட செட்டிநாட்டு வீட்டில் ஒரு கதவை இடம் மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எல்லோருக்கும் தகவல் சொல்லி, ஒப்புதல் வாங்கி, பிறகுதான் ஆசாரியை அழைப்பார்கள். அந்த மரியாதையை இதில் கண்டேன். எங்கள் கணினிகளில் உபுண்டு 14.04 இயங்குதளம் இருந்தது, அதனுடன் வந்த கிட் 1.9.1. எச்சரிக்கையைப் படிக்கவும் பேசவும் முடிவெடுக்கவும் எங்களுக்குப் போதிய காலம் கிடைத்தது.

சர்வரில் உள்ள மாற்றங்களை நம் கணினிக்குக் கொண்டுவரும் புல் கட்டளைக்கு இதே வழிமுறை அவ்வளவு சீராக அமையவில்லை. நம் கிளையும் சர்வரின் கிளையும் தனித்தனியே வளர்ந்திருந்தால், 'கிட் புல்' பேசாமல் இரண்டையும் இணைத்து மெர்ஜ் செய்துவிடும். வரலாற்றில் பொருளற்ற மெர்ஜ் கமிட்டுகள் குவியும். 2020 ஜூனில் வந்த 2.27 பதிப்பு, மெர்ஜா, நம் மாற்றங்களைச் சர்வரின் கிளைக்கு மேல் மறுபடி அடுக்கும் ரீபேஸா, இரண்டும் வேண்டாமா என்று முடிவு செய்யச் சொல்லி எச்சரிக்கத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் வந்த 2.33, முடிவு சொல்லாவிட்டால் பிழை காட்டி நின்றுவிட்டது.

சிக்கல் இந்த இடைவெளியில்தான். உபுண்டு 20.04இல் இருப்பது 2.25.1, 22.04இல் 2.34.1. எச்சரிக்கை மட்டும் வந்த காலம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. எங்களைப் போல நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் நிறுவுகிறவர்கள் எச்சரிக்கையைப் பார்க்காமலே நேராகப் பிழைக்கு வந்து சேர்ந்தோம். "அண்ணே, நேற்று வரை போன புல் இன்று போக மாட்டேன் என்கிறது" என்று அலுவலகத்துத் தம்பி ஒருவர் வந்து நின்றார். திரையில் மூன்று வழிகளும் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் அவசரத்தில் இருப்பவர் முதல் வரியை நகலெடுத்து ஒட்டுவார். முதல் வரி மெர்ஜ். பழைய பழக்கமே தேர்வு என்ற பெயரில் திரும்பிவிடுகிறது. படிப்படியான மாற்றத்தில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான்: எத்தனை மாதம் எச்சரித்தோம் என்பதைவிட, அந்த எச்சரிக்கை யார் கண்ணில் பட்டது என்பதே முக்கியம்.

எல்லா மாற்றத்தையும் மெதுவாகச் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2, வேறொரு பயனருக்குச் சொந்தமான கோப்புறையில் உள்ள களஞ்சியத்தைத் திறக்க மறுத்தது. பலர் பயன்படுத்தும் கணினியில் ஒருவர் மேல்கோப்புறையில் வைத்த அமைப்புக் கோப்பின் வழியாக இன்னொருவரின் பெயரில் கட்டளைகள் ஓடக்கூடும் என்ற பாதுகாப்பு ஓட்டை அதற்குக் காரணம். எங்கள் பொதுக் கோப்புறை அன்று முடங்கியது, 'சேஃப்.டைரக்டரி' அமைப்பில் அதைச் சேர்த்த பிறகே வேலை நகர்ந்தது. எரிச்சல் இருந்தாலும் அந்த முடிவு சரியானது. எச்சரித்துக் காத்திருந்தால், காத்திருந்த காலம் முழுவதும் ஓட்டை திறந்தே இருந்திருக்கும்.

இப்போது புதிய கணினி எது வந்தாலும் மூன்று அமைப்புகளை நாங்களே எழுதிவிடுகிறோம். புஷ்ஷுக்குச் 'சிம்பிள்'. புல்லுக்கு, நேராக முன்னேற முடிந்தால் மட்டும் இணைக்கும் 'எஃப்எஃப் ஒன்லி'. முதல் கிளையின் பெயர் 'மெயின்', 2.28 பதிப்பிலிருந்து அதை நாமே குறிப்பிடலாம், 3.0இல் அதுவே இயல்புநிலையாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. புதிய களஞ்சியங்களில், கமிட்டுகளுக்கு அடையாளக் குறி கணக்கிடும் முறை ஷா-1க்குப் பதில் ஷா-256 என்ற மாற்றமும் அதே 3.0க்கான திட்டத்தில் இருக்கிறது. பழைய களஞ்சியங்கள் அப்படியே இருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்கும் களஞ்சியத்தை ஏற்றிவைக்கும் சர்வரும் ஷா-256ஐ ஏற்க வேண்டும். உங்கள் சர்வரைப் பராமரிப்பவரிடம் அதை இப்போதே கேட்டுவையுங்கள்.